இலைக்குக் குறுக்கே கை

விமானம் ஓட்டுகிறவளை வீட்டில் உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. நந்திதா மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். முந்தின நாள் கழுவிய ஸ்கூட்டரை மறுபடி கழுவினாள். கணபதிப் பகுதியில் அவர்கள் வீதி முழுக்க லேத் பட்டறைகள். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். இப்போது ஒவ்வொரு தடவை இரும்பு சீவும்போதும் அவளுக்குப் பல் கூசியது.

"ஏங்கண்ணு, இப்படித் தேச்சா அந்த வண்டியில பெயிண்ட்டே நிக்காது. உள்ள வந்து உக்காரு," என்றாள் அம்மா புவனா.

"வாரேம்மா," என்றாள். போகவில்லை.

அக்கம்பக்கத்தில் லீவு என்று சொல்லி வைத்திருந்தாள். பைலட்டுக்கு இத்தனை நீள லீவா என்று எல்லோருக்கும் சந்தேகம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். "லீவுங்களா அம்மணி, நல்லதுங்க" என்று சிரித்துவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டுக்கொள்வார்கள். கொங்கு நாட்டு மரியாதை அப்படி. யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. வேண்டாம் என்பதற்கு "பார்க்கலாங்க" என்போம். முடியாது என்பதற்கு "ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்போம். கேட்கிறவருக்கும் அது விளங்கிவிடும், வண்டி ஓடும். எல்லா இடத்திலும் ஓடாது என்பதுதான் நந்திதாவுக்கு இப்போது வந்திருக்கிற சங்கடம்.

அவளுக்கு லீவு இல்லை. விசாரணை முடிகிற வரைக்கும் பறக்கக் கூடாது என்று கம்பெனியில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நடந்தது வடக்கே ஒரு பெரிய ஊரில். மழை விட்ட காலை நேரம். வானத்தில் பைலட்டுகள் வழி தப்புவது அபூர்வம். ஆகாயத்தில் முட்டுச்சந்து கிடையாது. தப்புவதெல்லாம் தரையில்தான். பயணிகளை ஏற்றிக்கொண்ட இடத்திலிருந்து ஓடுபாதைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ கிளைப்பாதைகள், எத்தனையோ மஞ்சள் கோடுகள். பெரிய விமான நிலையம் என்றால் ஒரு சின்ன டவுனையே சுற்றி வருகிற மாதிரி ஆகிவிடும். அதற்குள் மெதுவாக நகர்ந்துகொண்டே, டவரில் இருந்து வருகிற உத்தரவைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, சரியான சந்தில் திரும்ப வேண்டும்.

அன்றைக்குக் கேப்டன் நரசிம்மலு. சிங்காநல்லூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், தலைமுடிக்குச் சாயம் அடிக்காதவர். நந்திதா அவருக்குக் கோ-பைலட். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே விமானத்தில் மாட்டுவது அதுதான் முதல் தடவை. "கணபதிங்களா அம்மணி? அட, நம்ம ஊட்டுப் புள்ள" என்றார். அதற்கப்புறம் இங்கிலீஷ் எங்கே போனதோ தெரியவில்லை. வெளியூரில் நம் பேச்சு காதில் விழுந்தால் ஒரு சொகுசு வரும். அந்தச் சொகுசில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

இரண்டாவது திருப்பத்தில் வலது பக்கம் போகச் சொல்லி டவர் சொன்னது. நந்திதா அதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். கேப்டன் தலையாட்டினார். வருசக்கணக்காக அங்கே முதல் திருப்பத்தில்தான் போவார்கள். ஏதோ வேலை நடக்கிறது என்று சமீபத்தில்தான் வழியை மாற்றியிருந்தார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

விமானம் நகர்ந்தது. கேப்டன் தன் வீட்டுச் சந்தகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அரிசியை ஆட்டி, அவித்து, சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், கடையில் விற்கிற இடியாப்பம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது என்றார். "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வா அம்மணி" என்றபோது முதல் திருப்பம் வந்தது. அவருடைய இடது கை, திருப்புகிற சின்னச் சக்கரத்தை வலது பக்கமாகத் தள்ளியது. கை தனக்குத் தெரிந்த வழியில் போனது.

நந்திதா பார்த்தாள். தப்பு என்று அவளுக்குத் தெரியும். சந்தேகம் கடுகளவும் இல்லை. வாய் சொன்னது இதுதான்:

"அடுத்ததுங்களா சார் இருக்கும்?"

"ஆமா அம்மணி," என்றார் கேப்டன். திரும்பிக்கொண்டே இருந்தார்.

அவள் காத்திருந்தாள். ஆமாம் என்றுவிட்டாரே, நிறுத்துவார் என்று காத்திருந்தாள். அவ்வளவு பெரியவர், அத்தனை வருசம் பறந்தவர், அவருக்குத் தெரியாதா என்று ஒரு எண்ணம். சொன்னதையே இன்னொரு தடவை சொன்னால் நன்றாக இருக்காதே என்று இன்னொன்று. இதற்குள் முன்னால் நிறுத்தக் கோட்டின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. டவரில் இருந்து நில்லுங்கள், நில்லுங்கள் என்று குரல் வந்தது. கேப்டன் பிரேக்கை மிதித்தார். விமானத்தின் மூக்கு கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. இறங்கிக்கொண்டிருந்த வேறொரு விமானம் மறுபடி மேலே எழும்பி, அவர்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரைச்சல் மட்டும் நந்திதாவை விடவில்லை. பக்கத்துப் பட்டறையில் மோட்டார் போடும்போதெல்லாம் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

சக்கரம் கேப்டன் கையில் இருந்தது, சரி. பிரேக் அவள் காலடியிலும் இருந்தது. அதை நினைக்கிறபோதுதான் உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள்.

விமானத்தில் பேசுவதெல்லாம் ஒரு பெட்டியில் பதிவாகும். பதிவை எடுத்து, தமிழ் தெரிந்த ஆளை வைத்து மொழிபெயர்த்தும் இருந்தார்கள். அவள் கேட்டதும் அதில் இருக்கிறது, அவர் ஆமாம் என்றதும் இருக்கிறது. தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் கேட்டாளா, அவர் காதில் அது எப்படி விழுந்தது என்பது மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை. அதைக் கேட்பதற்குத்தான் நாளைக்குச் சென்னையில் விசாரணை. அடுத்த மாதம் நந்திதா கேப்டன் ஆகவேண்டியவள். தோளில் மூன்று கோடு போய் நாலு கோடு வரும். அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்து, சென்னிமலைக் கோயிலுக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டும் இருந்தாள். நாளைக்குச் சொல்லுகிற பதிலில் அந்த நாலாவது கோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரைத் துடைத்து முடிக்கும்போது கேப்டனே போன் செய்தார்.

"அம்மணி, நாளைக்கு மெட்ராஸ் போறதுக்கு முன்னால இன்னைக்கு மத்தியானம் ஊட்டுக்கு வந்துட்டுப் போ. சித்த பேசோணும். ஊட்டுக்காரி சந்தகை பண்றா."

"எதுக்குங்க சார் வீணாச் சிரமம்," என்றாள் நந்திதா.

"அப்ப ஒரு மணிக்கு வந்துரு," என்று வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்தப் பதிலுக்கு எங்கள் ஊரில் வருகிறேன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

அவள் கிளம்பும்போது அப்பா நஞ்சுண்டன் சாப்பாட்டுக்காகப் பட்டறையிலிருந்து வந்தார். இடம் போதவில்லை என்று பட்டறையை அடுத்த வீதிக்கு மாற்றி ஒரு வருசம் ஆகிறது. கையில் ஒரு பை வைத்திருந்தார். வழியில் யாரோ கொடுத்தனுப்பினார்களாம்.

"யாருங்கப்பா?"

"நம்ம பழைய பட்டறைக் கட்டடத்துல இப்ப இருக்கறவங்க. இன்னைக்கும் வண்டியக் கொண்டுபோயி அந்த வாசல்லயே நிறுத்திப்போட்டேன். சாவிய எடுத்துப் பூட்டுல போடறேன், உள்ள இருந்து அந்தம்மா வந்து, 'வாங்க வாங்க, முருங்கக்கா கொண்டுட்டுப் போங்க'ன்னு குடுத்துட்டாங்க." அவர் சிரித்தார். "வாரத்துக்கு ஒருக்கா அந்த ஊட்டுல இருந்து காயி வருது."

அம்மாவும் சிரித்தாள். நந்திதாவால் சிரிக்க முடியவில்லை. கதவைத் திறந்த அந்த அம்மாள், இது உங்கள் இடம் இல்லைங்க என்று ஒரு வருசமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, முருங்கைக்காய்தான் கொடுக்கிறார் என்பது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது.

ஆவாரம்பாளையம் தாண்டி, பீளமேடு வந்து, ஹோப்ஸ் சந்திப்பில் திரும்பி சிங்காநல்லூருக்குப் போனாள். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு "இடது, வலது" என்று சொல்லிக்கொண்டாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். இந்த ஒரு மாதமாக அவளுக்குத் தன் கை கால் மேலேயே நம்பிக்கை இல்லை.

கேப்டனின் மனைவி ரங்கநாயகி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாடா கண்ணு. இவருக்கு உன்னப் பத்தித்தான் பேச்சு. கையக் கழுவு, எல்லாம் ஆறிப்போகுது."

தலைவாழை இலை போட்டிருந்தார்கள். சந்தகை, அதற்குத் தேங்காய்ப்பால், தக்காளிக் குழம்பு, பக்கத்தில் வெளியூரில் போளி என்பார்களே, அந்த ஒப்புட்டு. கேப்டன் எதிரில் உட்கார்ந்தார். சட்டைக் கைகளை மடித்துவிட்டு, விமானத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் சுருங்கித் தெரிந்தார். அந்த அம்மாள் சந்தகையை அள்ளி வைத்தார்.

"போதுங்க," என்றாள் நந்திதா.

இன்னொரு பிடி விழுந்தது.

"போதுங்கம்மா, நெசமாத்தானுங்க."

இன்னொரு பிடி. இந்த வீட்டில் என்றில்லை, எந்த வீட்டிலும் இப்படித்தான். முதல் "போதுங்க" கணக்கில் சேராது, இரண்டாவதும் சேராது. விருந்தாளி அப்படிச் சொல்லித்தான் ஆகவேண்டும், வீட்டுக்காரர் வைத்துத்தான் ஆகவேண்டும். நிசமாகவே வயிறு நிறைந்துவிட்டால் அதற்கு வேறு வழி இருக்கிறது, வாயால் சொல்லுகிற வழி இல்லை.

"சாப்பிடு அம்மணி," என்றார் கேப்டன். மனைவி அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நான் ஒரு ரோசனை வச்சிருக்கேன். நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லைன்னு சொல்லப் போறேன்."

"சார்..."

"கேளு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் சந்தகையப் பத்திப் பேசிட்டு இருந்தேன், ஆமான்னது அந்தப் பேச்சுக்குச் சொன்னது. அப்படிச் சொல்லிர்றேன். நீ என்ன சொல்லோணும்னா, தப்புன்னு தெரிஞ்சு தெளிவாச் சொன்னேன், அவரு கேக்கலைன்னு சொல்லிரு. முடிஞ்சுது. உன்ற நாலாவது கோடு எங்கயும் போகாது."

"உங்களுக்கு என்னாகுங்க சார்?"

"காது கேக்காதவனப் பறக்க விடுவாங்களா? ஊட்ல உக்கார வேண்டியதுதான். எனக்கென்ன, இன்னும் கொஞ்ச வருசம். உனக்கு அப்படியா?"

இதைச் சொல்லும்போது அவர் இலையைத்தான் பார்த்தார். வெளியே, சிங்காநல்லூர்க் கூரைகளுக்கு மேல் ஒரு விமானம் இறங்கப் போகிற சத்தம் கேட்டது. அவருடைய தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கண்ணில் இருந்ததை நந்திதா கண்டாள். கொஞ்ச வருசம் என்று வாய்தான் சொன்னது.

தனக்காக ஒருவர் இப்படிச் செய்ய முன்வருகிறார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவளுக்குள்ளேயே இன்னொரு நந்திதா உட்கார்ந்திருந்தாள். அவள் நாலாவது கோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவர் நல்லதுக்குச் சொல்கிறார், அதை மறுத்தால் நன்றாக இருக்குமா என்று அந்த நந்திதா நயமாகக் கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்குங்க சார்," என்றாள் கடைசியில்.

"அப்ப சரி. காது சர்ட்டிபிகேட்டுக்கு டாக்டர் ஒருத்தர்கிட்டயும் பேசிட்டேன்."

"இல்லீங்க சார், பார்க்கலாங்க..."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீ தைரியமாப் போ."

அடுப்படியிலிருந்து ரங்கநாயகி தேங்காய்ப்பால் பாத்திரத்தோடு வந்தார். "என்ன, ரெண்டு பேரும் காதப் பத்திப் பேசறீங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்குக் காது மந்தமாயிருச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன்," என்றார் கேப்டன்.

"இவருக்கா?" அந்த அம்மாள் நந்திதாவைப் பார்த்துச் சிரித்தார். "இவரு மொட்டமாடில செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பாரு. நான் அடுப்படில டப்பா மூடியத் தொறப்பேன். அங்கிருந்தே 'முறுக்கா, கச்சாயமா'ன்னு கேப்பாரு. காது மந்தமாம். நீ ஊத்திக்க கண்ணு."

"போதுங்க," என்றாள் நந்திதா.

பால் விழுந்தது. இலையின் ஓரம் வரைக்கும் ஓடி, மேசைக்கு வழியப் பார்த்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றுதான் சொன்னாள். இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவளும் சொன்னாள். அன்றைக்கும் இதைத்தான் செய்தாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த விமானத்தில், ஓடுபாதைக்கு முன்னால், அவள் "போதுங்க" என்றுவிட்டுச் சும்மா இருந்தாள். சொல்லியாகிவிட்டது என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதியும் பட்டாள்.

"ஒப்புட்டு ஒண்ணு வச்சுக்கோ," என்று அந்த அம்மாளின் கை நீண்டது. எதிரே கேப்டன், "அப்ப நாளைக்கு ஒண்ணாவே கிளம்பிரலாம்," என்றார்.

நந்திதா இரண்டு கைகளையும் இலைக்குக் குறுக்கே நீட்டி மறைத்தாள்.

ரங்கநாயகியின் கை அந்தரத்தில் நின்றது. அதற்கு மேல் வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. கேப்டனும் பேச்சை நிறுத்தினார்.

"கேப்டன், வேண்டாம்," என்றாள் நந்திதா. சார் இல்லை, ங்க இல்லை. அவளுக்கே தன் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "உங்களுக்குக் காது கேட்காதுன்னு நீங்க சொல்லக் கூடாது. நான் தெளிவாச் சொன்னேன்னு நானும் சொல்ல மாட்டேன். நான் சொல்லவே இல்லை."

"அம்மணி, உன் நல்லதுக்குத்தான..." அவர் முகம் சிவந்துவிட்டது. மனைவியின் முன்னால் சார் என்றுகூடச் சொல்லாமல் ஒரு சின்னப் பெண் வேண்டாம் என்றதை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஒரு பெரிய மனுசன் சொன்னா..."

"அதனாலதான் அன்னைக்குப் பேசாம இருந்தேன்."

நந்திதா கையை இலைமேலிருந்து எடுக்கவில்லை.

"தப்புன்னு எனக்கு நல்லாத் தெரியுங்க. சந்தேகமே இல்லை. ஆனா தெரியாதவ மாதிரி உங்ககிட்டக் கேட்டேன். நீங்க ஆமான்னீங்க, அதோட உட்டுட்டேன். பிரேக் என்ற காலுக்கடியிலயும் இருந்துச்சு. மிதிக்கலை. நாளைக்கு இதத்தான் சொல்லப் போறேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "காதுன்னு எழுதுனா அதோட கதை முடிஞ்சுதுன்னு மூடி வச்சுருவாங்க. அப்புறம் இன்னொரு புள்ள, இன்னொரு பெரியவர்கிட்ட இதே மாதிரிக் கேட்டுப்போட்டு உக்காந்திருப்பா. அவங்களுக்கும் காது நல்லாத்தான் கேக்கும்."

கேப்டன் எழுந்து கை கழுவப் போனார். பாதி இலையில் எழுந்திருப்பது அவர் வழக்கம் இல்லை போலும். ரங்கநாயகி ஒப்புட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன திசையையே பார்த்தார். அப்புறம் நந்திதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு," என்றார். "வேலைய உட்டுட்டு வந்து ஊட்ல உக்காந்தா, நான் சந்தோசமா ஒப்புட்டு சுட்டுப் போடுவேன்னு நினைச்சுட்டாரு போல." அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. நந்திதா இலையை மடித்தாள்.

அவள் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேப்டன் வாசல் கேட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரம் கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்குவதும் போடுவதுமாக நின்றார்.

"கேட்டுது," என்றார்.

"சார்?"

"அன்னைக்கு நீ சொன்னது நல்லாவே கேட்டுது. கேட்ட உடனே எனக்கும் ஒரு இது. அடுத்ததா இருக்குமோன்னு." தாழ்ப்பாளை விட்டார். "ஊர்க்காரப் புள்ள முன்னால, இத்தனை வருசம் ஓட்டுனவனுக்கு வழி தெரியலைன்னு ஆயிருமேன்னு, ஆமான்னு சொல்லித் திரும்பிப்போட்டேன். நீ நேரா வேண்டாம்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன். நின்னிருப்பேன்னுதான் நினைக்கறேன்."

நந்திதா மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இத எங்கயும் சொல்லக் கூடாதுன்னுதான் காதக் கண்டுபிடிச்சேன்," என்றார். "சரி போ. நாளைக்குச் சொல்லிர்றேன்."

சொன்னார். நந்திதாவும் சொன்னாள். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் பதிவைப் போட்டுக் காட்டி, இதில் நீங்கள் எச்சரித்ததாகவும் எடுத்துக்கொள்ளலாமே என்று அவளுக்கு வழிகூட விட்டுக் கொடுத்தார். எச்சரிக்கவில்லை, கேட்டேன் என்றாள். நாலாவது கோடு ஒரு வருசம் தள்ளிப்போனது. அம்மாவுக்கு அழுகை வந்தது. சென்னிமலைக்குச் சொன்ன சொல் சொன்னதுதான் என்று கோடு வராமலேயே படியேறிவிட்டு வந்தாள். சொந்தக்காரர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வீடு தள்ளிக் கேட்டுக்கொண்டார்கள். கேப்டனையும் அவளையும் மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். நிறுத்துங்க.

மழைக்காலம் முடிந்து அவர்கள் இரண்டு பேரையும் மறுபடி ஒரே விமானத்தில் போட்டார்கள். அதே வடக்கத்தி ஊர். இந்தத் தடவை சந்தகைப் பேச்சு இல்லை. விமானம் கிளம்பி ஓடுபாதையில் ஏறும் வரைக்கும் வேலையைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது என்று பேசிக்கொள்ளாமலேயே முடிவாகியிருந்தது. டவர் வழி சொன்னது, நந்திதா திருப்பிச் சொன்னாள், விமானம் நகர்ந்தது.

ஒரு திருப்பம் வந்தது. கேப்டனின் கை சக்கரத்தைத் தள்ளியது. நந்திதாவுக்குத் திடுக்கென்றது.

"கேப்டன், நிறுத்துங்க. இது இல்லை, அடுத்தது."

அவள் காலை வைப்பதற்குள் அவரே பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் விமானப் பணிப்பெண்கள் தடுமாறியிருப்பார்கள். விமானம் குலுங்கி நின்றது. ஏன் நிற்கிறீர்கள் என்று டவர் கேட்டது. நந்திதா வழியை மறுபடி கேட்டாள். டவர் பொறுமையில்லாத குரலில் சொன்னது: இதே திருப்பம்தான்.

அவள் சொன்னதுதான் தப்பு. வேலை முடிந்து பழைய வழியையே மறுபடி திறந்துவிட்டிருந்தார்கள். டவர் சொன்னதும் அதுதான், அவள் திருப்பிச் சொன்னதும் அதுதான். திருப்பத்தைக் கண்டதும் அவள் மனது அந்தப் பழைய காலைக்குப் போய்விட்டது. முகம் காந்தியது. பின்னால் இரண்டு விமானங்கள் வரிசையில் நின்றன, மூன்றாவதும் வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். கேப்டன் கையைக் காட்டித் தடுத்தார்.

"எனக்கு இதுதான்னு படுது. டவரும் இதுதான்னு சொல்றான்," என்றார். "உனக்கு?"

அவள் திருப்பத்தில் நட்டிருந்த வழிகாட்டிப் பலகையைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். டவர் இன்னொரு தடவை அவர்களைக் கூப்பிட்டது. கேப்டன் பதில் சொல்லவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போகலாங்க," என்றாள் நந்திதா. அதற்கப்புறம்தான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.